வில்லாளிக்கு ஒரு ரிலீவர்

மோனிகாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனி சிவக்கும். அப்புறம் காது. காதும் சிவந்துவிட்டால் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு அவளுடைய இரண்டு காதும் சிவந்திருந்தன.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் தெருவின் கடைசியில் ஒரு தண்ணீர் டேங்க் நிற்கிறது. அதன் அடியில் எப்போதும் நிழல் இருக்கும். தரையும் சிமெண்டுத் தரை. அங்கேதான் மோனிகா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் சில அட்டைகள், ஒரு பென்சில், ஒரு பகடை. எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரே ஒருவன்தான் வந்திருந்தான். ஐந்தாம் வகுப்பு அன்புசெல்வன். அவனும் உட்காரவில்லை. கையில் கிரிக்கெட் மட்டையோடு நின்றுகொண்டிருந்தான்.

"உக்காருடா," என்றாள் மோனிகா.

"இல்லக்கா. நான் வரலன்னு சொல்லத்தான் வந்தேன்."

"வரலன்னு சொல்றதுக்கு எதுக்குடா வந்த?"

"சொல்லாம போனா அதுக்கும் நீ கோச்சிக்குவியே."

"புவனேஸ்வரி எங்க?"

"டியூசன்னு சொல்லச் சொன்னா."

"சனிக்கெழம எவன்டா டியூசன் எடுக்கறான்?"

"அத நான் கேக்கலக்கா. அவ சொல்லச் சொன்னா, நான் சொல்ட்டேன்."

மோனிகா பகடையைத் தரையில் ஓங்கி வைத்தாள். "இன்னாடா கொறை என் ஆட்டத்துல?"

கேட்டது தப்பாகப் போயிற்று. அன்பு மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான்.

"என் மொத ஆளு பாம்பு கடிச்சி செத்தான். ரெண்டாவது ஆளு கெணத்துல வுழுந்து செத்தான். மூணாவது ஆளு, போன வாரம் இடி வுழுந்து செத்தான். மூணு வாட்டியும் நான் இங்க இல்லவே இல்ல, ஊட்ல இருந்தேன். கிரிக்கெட்ல அவுட் ஆனாக்கூட அடுத்த மேட்ச்ல பேட்டிங் குடுக்கறாங்கக்கா."

சொல்லிவிட்டு ஓடிப்போனான். காது சிவந்திருந்ததை அவனும் பார்த்துவிட்டான்.

அது என்ன ஆட்டம், ஆட வராதவனை எப்படிப் பாம்பு கடிக்கும் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

போன வருஷம் லீவுக்குப் பெரம்பூர் போனபோது, பெரியம்மா மகள் மோனிகாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள். கதை ஆட்டம். அதில் ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கு ஒருவராகக் கதைக்குள் இருப்பார்கள். "காட்டு வழியில் போகிறீர்கள். எதிரே உடைந்த பாலம். என்ன செய்கிறீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பாள். ஒருவன் தாண்டுவேன் என்பான். இன்னொருத்தி கயிறு கட்டுவேன் என்பாள். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். அதற்கு இருபது முகம் உண்டு. பெரிய எண் விழுந்தால் அந்தக் கரை. சின்ன எண் விழுந்தால் தண்ணீரில் தொப்பென்று விழ வேண்டியதுதான். ஜெயிப்பது, தோற்பது எல்லாம் கிடையாது. கதை வாராவாரம் வளர்ந்துகொண்டே போகும்.

ஊருக்குக் கிளம்பும்போது அக்கா அந்தப் பகடையையே கொடுத்து அனுப்பினாள். மோனிகாவின் அம்மா ரோசம்மாள் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். அங்கே கிழிந்துபோகும் அட்டைப்பெட்டிகளை வெட்டி ஆள் அட்டைகள் செய்தார்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒருவரின் பெயர், பலம், பலவீனம், கையில் இருக்கும் சாமான்.

புவனேஸ்வரிக்கு ஒரு வைத்தியச்சி. அன்புக்கு ஒரு திருடன். பரணிதரனுக்கு வில்லாளி வேங்கையன்.

பரணிதரன் மோனிகாவின் வகுப்புதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவனுடைய வேங்கையனுக்கு உயரம் என்றால் பயம். பரணியே விரும்பி எழுதிய பலவீனம் அது. ஒரு வருஷத்தில் பதினாலு கதைகளில் பிழைத்து வந்திருந்தான் வேங்கையன். தொட்டுத் தொட்டு அவன் அட்டை துணிபோல மெத்தென்று ஆகிவிட்டது.

அப்புறம்தான் பிள்ளைகள் சில வாரம் வருவதும் சில வாரம் வராததுமாக இருந்தார்கள். மூன்று பேரையும் ஒரே நேரத்தில் பார்ப்பதே அபூர்வம் ஆகிவிட்டது. ராத்திரி எல்லாம் யோசித்து வைத்த கதையைச் சொல்ல ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும்? மோனிகாவுக்கு வந்தது நியாயமான கோபம்தான். ஆனால் அவள் போட்ட சட்டம் இருக்கிறதே, அதில் ஒரு சல்லிக்காசு நியாயம் இல்லை.

'ஆட வராதவர் ஆள் செத்துப்போவான்.'

பயத்தில் எல்லோரும் ஒழுங்காக வருவார்கள் என்று நினைத்தாள். பயந்தார்கள்தான். பயந்து, வராமல் இருந்தார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பரணியும் வரவில்லை. நாலரை வரை பார்த்தாள். காது சிவந்தது.

"வேங்கையன் ஆத்த தாண்டறான். தண்ணியில ஒரு முதலை. ஒரே கடி. அவ்ளோதான்."

"அக்கா, பகடை உருட்டாமலா?" என்று புவனேஸ்வரி மெல்லக் கேட்டாள்.

"உருட்டறதுக்கு ஆளு எங்க? வந்தானா அவன்?"

சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, அட்டையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

மறுநாள் பரணி வந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மோனிகா அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அவன் திறந்த வாயை மூடிக்கொண்டான். அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். திங்கட்கிழமை பள்ளியில் வேறு பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தான். அதிலிருந்து பேச்சில்லை.

இரண்டு வாரம் கழித்து, அன்பும் மட்டையோடு ஓடிப்போன சனிக்கிழமை மோனிகா தனியாகவே அட்டைகளை அடுக்கினாள். பழையவர்கள் போனால் போகட்டும். ஊரில் பிள்ளைகளுக்கா பஞ்சம்?

வீட்டுக்குப் போய் ஒரு நோட்டீஸ் எழுதி டேங்க் தூணில் ஒட்டினாள்.

'கதை ஆட்டம்! ஆட்கள் தேவை! ஞாயிறு மூன்று மணி. வருகிறவர்களுக்கு முறுக்கு உண்டு.'

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். மோனிகாவுக்கு வாயெல்லாம் பல். முறுக்கு டப்பாவை முதலிலேயே சுற்றுக்கு விட்டாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

"அக்கா, இதுல துப்பாக்கியால சுடறது எப்போ?" என்றான் ஒரு பொடியன்.

"போன் எங்கக்கா?" என்றாள் இன்னொருத்தி.

"போன் கிடையாது. நீங்களே யோசிக்கணும். மொதல்ல சட்டத்த கேளுங்க. ஒரு வாரம் வரலன்னாலும் உங்க ஆளு காலி."

முறுக்கு கடிபடும் சத்தம் சட்டென்று நின்றது.

"அடுத்த வாரம் எங்கம்மா பி ஷிப்டு, மதியமே போயிடும்," என்றான் பொடியன். "நான்தான் தம்பிய பாத்துக்கணும்."

"எங்க நைனா நைட் ஷிப்டு போனா பகல்ல தூங்குவாரு. நான் கதவாண்டயே இருக்கணும்," என்றாள் அந்தப் பெண்.

"எங்க ஊட்லயும் ஷிப்டு மாறும்."

டப்பா காலியான நேரத்துக்கு டேங்க் அடியும் காலியாகிவிட்டது.

இதைப் படிக்கும் உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். மோனிகாவுக்குப் புரியவில்லை. அவள் கண்ணில் தெரிந்ததெல்லாம் காலி டப்பா ஒன்றுதான். ஏழு பேர், பதினைந்து முறுக்கு, ஒருத்தர்கூட மிச்சமில்லை! இதற்கெல்லாம் யார் காரணம்? பரணி! அவன் போனதால்தானே எல்லாம் போயிற்று?

விடுவிடுவென்று மூன்றாவது சந்துக்கு நடந்து, பரணி வீட்டுக் கதவைத் தட்டினாள். தட்டினாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இடித்தாள்.

கதவு திறந்தது. பரணியின் இடுப்பில் ஒன்றரை வயதுத் தங்கை பாப்பா உட்கார்ந்திருந்தாள். அவன் கையில் பால் டம்ளர். கன்னத்திலும் பால்.

"கத்தாத. பாப்பா இப்பதான் அழுவறத நிறுத்திச்சி," என்றான்.

"நான் இன்னும் கத்தவே ஆரம்பிக்கல!" என்று கத்தினாள் மோனிகா. "ஒரு வருசமா கதை கட்டிக்கினு வந்தேன். உன்னாலதான் எல்லாரும் போய்ட்டாங்க. கதை நடுவுல நிக்குது!"

"நிறுத்தினது நானா? என் வேங்கையன நானா கொன்னேன்?"

"நாலு மணிக்கு நீ வந்திருந்தா அவன் ஏன் சாவறான்?"

"எங்கம்மாவுக்கு ஷிப்டு மாத்திட்டாங்க. மதியம் போனா ராத்திரிதான் வரும். நைனா மணலிக்கு வேலைக்குப் போய்க்கினுகீறாரு. பாப்பாவ யாரு பாக்கறது? உன் முதலையா?"

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லத்தான் மறுநாளு வந்தேன். நீ அட்டைய தூக்கிக் காட்டின."

பாப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பரணியின் குரல் தணிந்தது. ஆனால் கோபம் தணியவில்லை. சொல்லப்போனால் அது இன்னும் கூடியது.

"வேங்கையன் செத்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல மோனி. பதினாலு கதையில எத்தினி வாட்டி சாவப் பாத்தான்! நான் ஆடி, பகடை உருட்டி அவன் செத்திருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். நான் இங்க பால் ஆத்திக்கினு இருக்கும்போது அவன் அங்க ஏன் சாவணும்? என்னிய கேக்காம எப்டி அவன கொல்லுவ?"

பதில் இல்லாதபோது வரும் கோபம் ரொம்பப் பொல்லாதது. மோனிகா வெளியே வந்து, தெருவில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டிலை ஓர் உதை விட்டாள். அது உருண்டுபோய்ச் சாக்கடையில் விழுந்தது. அதன் மேலும் கோபம் வந்தது.

வீட்டில் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க நைனா இன்னும் வரல. ரிலீவர் வரலியாம்."

மோனிகாவின் அப்பா சாம்சன் இரும்பு உருக்கும் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறார். கூரைக்குக் கீழே, உயரத்தில் ஓடும் கிரேன். காலை ஆறு மணிக்கு ஏறினால் மதியம் இரண்டு மணிச் சங்குக்கு இறங்க வேண்டும். ஆனால் சங்கு ஊதினால் மட்டும் போதாது. அடுத்த ஷிப்டு ஆள் வந்து ஏற வேண்டும். அந்த ஆளுக்குத்தான் ரிலீவர் என்று பெயர். அவர் வராவிட்டால் இவர் இறங்க முடியாது.

அப்பா வந்தபோது மணி ஆறு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மகளுக்கு அந்த மூக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு அவரைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

"அந்தக் கலியன் வரட்டும் நாளைக்கு! மனுசன் பசியில கண்ணு இருட்டுது. நாலு மணி நேரம்! நாலு மணி நேரம் சேத்து ஓட்டிட்டு வரேன்!" சொல்லிக்கொண்டே சோற்றைப் பிசைந்தார்.

"அவர வேலைய வுட்டே தூக்கணும் நைனா!" என்றாள் மோனிகா.

"தூக்கணும்!"

"ரெண்டு பேரும் மொதல்ல தண்ணி குடிங்க," என்றாள் அம்மா.

அப்போது போன் அடித்தது. கலியன்தான். அப்பா இடது கையால் போனை எடுத்தார்.

"இன்னாய்யா கலியா, நீயெல்லாம் ஒரு..." என்று உரக்க ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மாறியது. "அடடா. இப்போ ஜுரம் வுட்டுச்சா? ஆசுபத்திரியிலதான் கீறியா? கொழந்தைய பாரு. இத வுடு, வேற ஆளு வந்து ஏறிட்டான். நாளைக்கு வந்தா பிரேக்க பாத்துக்க, லேசா வழுக்குது. நோட்டுல எழுதி வச்சிகீறேன். கொக்கியில லோடு ஒண்ணும் இல்ல."

போனை வைத்துவிட்டு, "இருந்தாலும் ஒரு போன் முன்னாடியே போட்டிருக்கலாம்," என்று மறுபடி முணுமுணுத்தார். கோபம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

"இன்னா நோட்டு நைனா?"

"ஷிப்டு நோட்டு. இன்னா நடந்துச்சி, எங்க வுட்டோம், எது ரிப்பேரு, எல்லாம் எழுதணும். அடுத்து வர்றவன் படிச்சிட்டுத்தான் கிரேன தொடுவான். ஏம்மா, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து."

மோனிகா குழம்புச் சட்டியை அப்பா பக்கம் தள்ளினாள்.

"அவரு வரலன்ன கோவத்துல கிரேன உடைக்கலியா நீ?"

வாய்க்குப் போன கை அப்படியே நின்றது. "கிரேன எதுக்குடி உடைக்கணும்? ஆளு வரலன்னா அதுக்குக் கிரேன் இன்னா பண்ணும்?"

அம்மா சிரித்தாள். மோனிகா சிரிக்கவில்லை. அவள் மூக்கு நுனி சிவந்தது, காதும் சிவந்தது. இந்த முறை கோபம் யார் மேல் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மூன்று திருடர்களையும் ஒரு வில்லாளியையும் உடைத்தவள் அவள்தானே!

மறுநாள் பள்ளி விட்டதும் கடையில் ஒரு நீளநோட்டு வாங்கினாள். முதல் பக்கத்தில் 'ஷிப்டு நோட்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் எழுதினாள்.

'ஆட வர முடியாதவர் ஆளை இன்னொருவர் பார்த்துக்கொள்வார். அவர் ரிலீவர். ரிலீவர் கையில் இருக்கும்போது ஆள் சாகக் கூடாது. அவன் சாமானைத் தொலைக்கக் கூடாது. நடந்ததை நோட்டில் எழுதி, வாங்கியது வாங்கியபடி திருப்பிக் கொடுக்க வேண்டும்.'

நோட்டோடு பரணி வீட்டுக்குப் போனாள். இந்த முறை நிஜமாகவே தட்டினாள்.

பரணி கதவைப் பாதிதான் திறந்தான். மோனிகாவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கடைசியில் ஒரே மூச்சில் துப்பினாள்.

"தப்பு பண்ணிட்டேன்!"

"அத ஏன் இவ்ளோ கோவமா சொல்ற?"

"எனக்கு அப்டித்தான் வருது!"

பரணி அவளையே பார்த்தான். அப்புறம் கதவின் மீதிப் பாதியும் திறந்தது.

நோட்டைப் படித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போய் வேங்கையன் அட்டையைக் கொண்டுவந்து தரையில் வைத்தான். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. ஒரு மூலையைப் பாப்பா கடித்துத் தின்றிருந்தாள்.

"இதுக்கு இன்னா சொல்ற?"

மோனிகா வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். "முதலை கடிக்கல. முழுசா முழுங்கிச்சி. வேங்கையன் இன்னும் அது வயித்துக்குள்ளதான் கீறான். இன்னிக்கு வெளிய வந்துட்டான். சரியா?"

"சரியில்ல," என்றான் பரணி பட்டென்று. "அன்னிக்கு நீயா கொன்ன. இன்னிக்கு நீயா பொழைக்க வைக்கிற. அப்போ பகடை எதுக்கு? நான் எதுக்கு?"

அவன் சொன்னது அவளுக்கு உறைத்தது. சட்டைப் பையிலிருந்து பகடையை எடுத்து நடுவில் வைத்தாள்.

"முதலை வயிறு. ஒரே இருட்டு. கீழ வழுக்குது. வேங்கையன் இன்னா பண்றான்?"

இரண்டு வாரமாக இந்தக் கேள்விதான் பரணியின் காதில் விழாமல் இருந்தது. அவன் கண் மின்னியது. பாப்பாவை இடுப்பிலிருந்து மடிக்கு மாற்றிக்கொண்டான்.

"அம்பு எடுக்கறான். ஆனா குத்தல. அம்போட பின்னாடி இறகு இருக்குதில்ல, அதால முதலையோட தொண்டையில கிச்சுகிச்சு மூட்டறான். அது தும்மும். தும்முனா இவன் வெளிய!"

"பதிமூணோ அதுக்கு மேலயோ வுழுந்தா வெளிய," என்றாள் மோனிகா. "அதுக்குக் கீழன்னா..." அவளுக்கு மேலே சொல்ல மனம் வரவில்லை.

"கீழன்னா செத்தான்," என்று பரணியே முடித்தான். "நெசமா செத்தான். ஒத்துக்கறேன்."

பகடையைக் கையில் குலுக்கினான். மோனிகா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஐயோ, நல்லது விழ வேண்டுமே! பாப்பாகூட வாயில் வைத்த விரலை எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

பகடை உருண்டது. அரிசி டப்பாவில் முட்டியது. நின்றது.

நாலு.

மோனிகாவுக்கு அந்தப் பகடையை மிதித்தே நொறுக்க வேண்டும்போல இருந்தது. தயங்கித் தயங்கிப் பரணியின் முகத்தைப் பார்த்தாள்.

பரணி சிரித்துக்கொண்டிருந்தான். முதலில் மெதுவாக, அப்புறம் தோள் குலுங்க.

"கிச்சுகிச்சு மூட்டி செத்தான் மோனி! பதினாலு கதை தாண்டி வந்தவன், முதலைக்குக் கிச்சுகிச்சு மூட்டி செத்தான்!"

மோனிகாவும் சிரித்தாள். பாப்பாவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் கையைத் தட்டினாள். சிரித்து முடித்தபோது பரணியின் கண்ணில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அவன் புறங்கையால் துடைத்துக்கொண்டான். ஒரு வருஷத்துச் சிநேகிதன் அல்லவா வேங்கையன்?

"அவன் செத்துட்டான். ஆனா முதலைக்குத் தும்மல் மட்டும் வந்துச்சி," என்றாள் மோனிகா மெதுவாக. "வில்லு கரையில வந்து வுழுந்துச்சி. அத யாரு எடுக்கறாங்க?"

பரணி யோசிக்கவே இல்லை. "வேங்கையனோட தங்கச்சி. பேரு வேங்கை. அவதான் அவனுக்கு ரிலீவர். அவன் வுட்ட எடத்துலருந்து அவ போவா."

புது அட்டையில் எழுதினான். பலம்: அண்ணனின் வில். உயரம் என்றால் பயம் இல்லை. பலவீனம்: இடுப்பில் எப்போதும் ஒரு குழந்தை. இறக்கிவிட்டால் அழும்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டம் பரணி வீட்டு வாசலில் நடந்தது. பாப்பா அங்கே இருப்பதால் ஆட்டமும் அங்கே வந்துவிட்டது. புவனேஸ்வரியின் டியூசன் திடீரென்று நின்றுபோயிற்று. அன்பு நாலாவது திருடனோடு வந்து, புதுச் சட்டத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகே உட்கார்ந்தான். முறுக்கு தின்ற பொடியனும் அந்தப் பெண்ணும் எட்டிப் பார்த்தார்கள். மறு வாரம் இன்னும் இரண்டு பேர். ஷிப்டு மாறுகிறவர்கள் வெள்ளிக்கிழமையே நோட்டில் எழுதிவிட்டார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை. அட்டையை ரிலீவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போனார்கள், அடுத்த வாரம் ஓடி வந்து நோட்டைப் பிடுங்கிப் படித்தார்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பா பி ஷிப்டு. மோனிகாவால் வீட்டை விட்டு நகர முடியாது.

அதுவும் எந்த நாளில்? கல் ராட்சசன் வருகிற நாளில்! ஒரு மாதமாக அவள் யோசித்து வைத்திருந்த ராட்சசன். அன்பு வந்து கேட்டபோது, பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டையும் பகடையையும் கொடுத்தாள்.

"என் ரிலீவர் பரணின்னு சொல்லு. போடா, சீக்கிரம் போ!"

அம்மாவுக்குக் கஞ்சி வைத்தாள். நெற்றியில் ஈரத்துணி போட்டாள். ஆனால் மனசெல்லாம் பரணி வீட்டு வாசலில்தான். இந்நேரம் ராட்சசனைத் தீர்த்துக்கட்டியிருப்பார்கள். கட்டாயம் தீர்த்திருப்பார்கள். அவள் மட்டும் வேங்கையனை விட்டு வைத்தாளா என்ன? நினைக்க நினைக்க மூக்கு நுனி சூடாகிக்கொண்டே போனது.

ஆறு மணிக்கு அன்பு நோட்டைக் கொண்டுவந்தான். மோனிகா பிடுங்கிப் பிரித்தாள். பரணியின் கோணல் எழுத்து.

'இன்று வந்தவர்கள் எட்டுப் பேர். கோட்டை வாசல் வரை போனோம். ராட்சசனைப் பார்த்தோம். யாரும் தொடவில்லை. அவன் மோனிகாவின் ராட்சசன். நல்ல உயரம். மூக்கு நுனி மட்டும் சிவந்திருக்கிறது. காது இன்னும் சிவக்கவில்லை. காதும் சிவந்தால் எல்லோரும் ஓட வேண்டும் என்று வைத்தியச்சி சொல்கிறாள். விட்ட இடம்: வாசல். வாங்கியது வாங்கியபடி ஒப்படைக்கிறேன். ரிலீவர், பரணிதரன்.'

மோனிகா இரண்டாவது தடவையும் படித்தாள். வாசல் தூணுக்குப் பின்னால் அன்பு வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"கழுதைங்களா!" என்று கத்திவிட்டு, பென்சிலை எடுத்து அதன் கீழே எழுதினாள்.

'காது இப்போது சிவந்துவிட்டது. சனிக்கிழமை நாலு மணிக்கு எல்லோரும் ஓடத் தயாராக வரவும்.'